பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில்: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானல் வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று ஆளாளுக்கு இந்தக் கோயிலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

கோயில் எங்கே இருக்கிறது?

கொடைக்கானலில் இருந்து மேல்மலைப் பக்கம் போகும் சாலையில், கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் தள்ளி பூம்பாறை இருக்கிறது. இதே சாலைதான் கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஊர் வருவதற்கு முன்னாலேயே ஒரு வளைவில் கீழே பார்த்தால் படிப்படியாக வெட்டிய வயல்களும் நடுவில் நெருக்கமாக வீடுகளும் தெரியும். எல்லாரும் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிற இடம் அது. பாதிப்பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். அந்த வீடுகளுக்கு நடுவில்தான் கோயில் இருக்கிறது, கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள்.

பழனி முருகனுக்கும் இந்தக் குழந்தை வேலப்பருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு விதத்தில் சம்பந்தம் உண்டு. ஒன்று நிர்வாகம். அறநிலையத் துறையின் கீழ், பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயிலோடு சேர்ந்த உபகோயில் இது. இன்னொன்று கதை. பழனி மூலவரை நவபாஷாணத்தில், அதாவது ஒன்பது வகைப் பாஷாணங்களைச் சேர்த்துக் கட்டியதில், செய்தவர் போகர் என்ற சித்தர் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே போகர் சீனா போய்த் திரும்பிய பிறகு, பழனிக்கும் பூம்பாறைக்கும் இடையில் இருக்கிற யானைகெஜம் என்ற காட்டில் தங்கி இன்னொரு நவபாஷாணச் சிலையையும் செய்தார், அதைத்தான் இங்கே வைத்தார் என்பது தலபுராணம். கோயிலைக் கட்டியது சேர மன்னன் என்றும் சொல்கிறார்கள்.

இதில் எது வரலாறு, எது நம்பிக்கை என்று பிரித்துக் காட்டச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். போகர் கதைக்குக் கல்வெட்டைத் தேடிக்கொண்டு போகாதீர்கள், அது வாய்வழியாக வந்த கதை. ஆனால் அந்தக் கதை ஒரு வழியைக் காட்டுகிறது, எனக்கு அது முக்கியம். பழனி அடிவாரத்தில் இருந்து மலை ஏறி மேல்மலைக்கு வரும் காட்டுப் பாதை அது. கார் சாலை வருவதற்கு முன்னால் மலையில் இருப்பவர்களுக்குச் சமவெளி என்றால் பழனியும் பெரியகுளமும்தான், சுமையெல்லாம் தலையிலும் குதிரை முதுகிலும்தான் போகும் வரும். போகர் அந்த வழியில் நடந்து வந்தார் என்று சொல்கிறபோது, தாங்களும் தங்கள் பாட்டன் பூட்டனும் நடந்த வழியில்தான் சாமியும் வந்தது என்று ஊர் சொல்கிறது.

குழந்தை வேலப்பர் என்று ஏன் பெயர்?

அருணகிரிநாதர் கதைதான் காரணம். அவர் தலம் தலமாக நடந்து இங்கே வந்து, களைப்பில் கோயிலிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வந்தாள். முருகன் குழந்தையாக வந்து தன் காவித் துணியால் அவரைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் படுத்துக்கொண்டான். வந்தவள் பார்த்தாள், யாரோ தாயும் குழந்தையும் தூங்குகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டாள். விடிந்த பிறகு நடந்ததை ஞான திருஷ்டியில் கண்டுகொண்ட அருணகிரிநாதர் 'குழந்தை வேலர்' என்று பாடினார் என்கிறார்கள். திருப்புகழில் பூம்பறை என்ற பெயரில் இந்தத் தலத்துக்குப் பாட்டும் இருக்கிறது.

முருகன் கதைகளில் சூரனை அழித்தது, மாம்பழத்துக்குக் கோபித்துக்கொண்டு மலையேறியது எல்லாம் பெரிய கதைகள். இது சின்னக் கதை. ராட்சசியோடு சண்டை இல்லை, வேலை எடுத்து வீசவில்லை, குளிரில் படுத்திருந்தவருக்கு ஒரு குழந்தை போர்வை போர்த்தியது, அவ்வளவுதான். மார்கழி, தை மாதத்தில் ஒரு ராத்திரி இந்த ஊரில் தங்கிப் பார்த்தால் இந்த ஊர்க்காரர்கள் தங்கள் சாமியைப் பற்றி ஏன் இந்தக் கதையைச் சொல்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

நவபாஷாணச் சிலைக்கு அபிஷேகம் செய்த பாலைக் குடித்தால் நோய் தீருமா? நவபாஷாண மணி எங்கே வாங்கலாம்?

இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நவபாஷாணம் என்றால் ஒன்பது வகை பாஷாணங்களைச் சித்தர் முறையில் கட்டிச் சேர்த்தது. பட்டியல் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனால் வீரம், பூரம், லிங்கம், கந்தகம், கௌரிப் பாஷாணம், வெள்ளைப் பாஷாணம் என்கிற பெயர்கள் பெரும்பாலும் இருக்கும். இவற்றில் வீரம், பூரம், லிங்கம் மூன்றும் பாதரசம் சேர்ந்தவை. வெள்ளைப் பாஷாணம் ஆர்சனிக். இப்படிப்பட்டவை உடம்புக்குள் போனால் ஆளைக் கொல்லக்கூடிய விஷம். அந்த விஷத்தை முறித்துக் கட்டும் வித்தை போகருக்குத் தெரிந்திருந்தது என்பது நம்பிக்கை. கடையிலும் வாட்ஸ்அப்பிலும் 'ஒரிஜினல் நவபாஷாணம்' என்று மணியும் லிங்கமும் விற்கிறவருக்குத் தெரியும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. அது வெறும் சாயம் பூசிய கல்லாக இருந்தால் பணத்தோடு போச்சு. நிஜமாகவே பாஷாணம் கலந்ததாக இருந்தால் இன்னும் மோசம், அதைத் தண்ணீரில் போட்டுவைத்துத் தினமும் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி இல்லை. முக்கியமாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கோயிலில் தீர்த்தமும் விபூதியும் கொடுத்தால் பக்தியோடு வாங்கிக்கொள்ளுங்கள். பழனியில் ராக்காலத்தில் மூலவருக்குச் சாத்தும் சந்தனத்தை விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்குவதில்லையா, அதுபோலத்தான். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு வராதீர்கள். நோயோடு வருகிறவர்கள் சாமி முன்னால் நின்று அழுவதைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் மனசு இளகி, பாரம் இறங்கித் திரும்பிப் போவதையும் பார்த்திருக்கிறேன். அந்த ஆறுதலுக்கு மணி எதுவும் வாங்கத் தேவையில்லை.

தேர்த் திருவிழா எப்போது?

தைப்பூசம் முடிந்து, கேட்டை நட்சத்திரத்தன்று. பூசத்தில் இருந்து எண்ணினால் கேட்டை பத்து நட்சத்திரம் தள்ளி வரும், அதனால் பழனியில் தைப்பூசத் தேர் ஓடி ஏறக்குறைய பத்து நாள் கழித்து இங்கே தேர். ஆங்கிலத் தேதி ஒவ்வொரு வருஷமும் மாறும், பெரும்பாலும் பிப்ரவரி ஆரம்பத்திலோ நடுவிலோ வரும். பழைய வருஷத் தேதியை இணையத்தில் பார்த்துவிட்டு ரூம் போட்டுவிடாதீர்கள். அந்த வருஷப் பஞ்சாங்கத்தில் தைப்பூசத்துக்கு அடுத்த கேட்டை எது என்று பார்த்துவிட்டு, கோயிலிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தேரில் என்ன விசேஷம்?

சமவெளிக் கோயில்களில் தேருக்கு முன்னால்தான் வடம். இங்கே முன்னாலும் வடம், பின்னாலும் வடம். ஊரின் அமைப்பைப் பார்த்தால் காரணம் உடனே தெரியும், தட்டையான வீதி என்று ஒன்று இந்த ஊரில் கிடையாது. மேட்டில் ஏற்றும்போது முன்னால் இருப்பவர்கள் இழுக்க வேண்டும். பள்ளத்தில் இறக்கும்போது பின்னால் இருப்பவர்கள் பிடித்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தேர் தானாக ஓடி வீட்டுக்குள் புகுந்துவிடும்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் முன்வடத்தைப் பார்ப்பார்கள். நான் பின்வடத்தைப் பார்க்கச் சொல்வேன். இறக்கத்தில் தேர் அசையத் தொடங்கியதும் பின்னால் இருக்கிறவர்கள் குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு குனிந்தபடியே நடக்கிற ஆள், சத்தம் வந்த நொடியில் கட்டையைச் செருகுவார். 'அரோகரா' என்ற சத்தத்துக்கு நடுவிலும் 'விடு, விடு… பிடி!' என்ற குரல் அவருக்குக் கேட்க வேண்டும். சக்கரம் கட்டையில் ஏறி முனகி நிற்கும். மறுபடி கட்டையை உருவி, மறுபடி விட்டு, மறுபடி பிடித்து, அப்படியே அங்குலம் அங்குலமாக இறக்குவார்கள். தோட்டத்தில் மண்வெட்டியும் மூட்டையும் பிடித்துக் காய்த்த கைகள் அவை. வருஷம் முழுக்க இதே சரிவில் சுமை ஏற்றி இறக்குகிறவர்களுக்குத்தான் இது முடியும்.

வெளியூர்க்காரர்கள் வடம் பிடிக்கலாமா?

முன்வடத்தில் கை வைக்க யாரும் தடுக்க மாட்டார்கள், இடம் கிடைத்தால் போதும். பின்வடத்தையும் முட்டுக்கட்டையையும் பழகினவர்களிடம் விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளைத் தேருக்குக் கீழ்ப்பக்கம், அதாவது சரிவின் இறக்கத்தில் நிறுத்தாதீர்கள். மேட்டுப் பக்கத்தில் ஏதாவது திண்ணையில் நிறுத்துங்கள். போனில் படம் எடுத்துக்கொண்டே சக்கரத்துக்குப் பக்கத்தில் நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ராத்திரியில் அங்கப்பிரதட்சணம் செய்வார்களாமே, உண்மையா?

உண்மைதான். திருவிழாவில் நள்ளிரவில், கொட்டும் பனியில், ஆணும் பெண்ணும் வீதியில் உருண்டு நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். ஆயிரக்கணக்கில் வருவார்கள். சில வருஷம் அந்த நேரத்தில் புல் மேல் உறைபனி பிடித்திருக்கும், அந்தக் குளிரில் ஈரத் துணியோடு தரையில் உருளுவது சாதாரண விஷயம் இல்லை. முருகனுக்கு வேண்டிக்கொண்டு, அது நடந்து, அதற்காக வந்தவர்கள் அவர்கள். கூடவே வீட்டு ஆள் ஒருத்தர் நடந்துவந்து, கல் மேல் படாமல் தள்ளி விட்டு, முடிந்ததும் போர்வையைப் போர்த்தி அழைத்துப் போவார்.

நீங்களும் வேண்டிக்கொண்டிருந்தால் செய்யலாம், ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஆனால் சமவெளியில் இருந்து நேராக வந்த உடம்பு இந்தக் குளிரைத் தாங்குமா என்று யோசியுங்கள். இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் வேறு நேர்த்திக்கடனாக வைத்துக்கொள்ளலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: ஈரத் துணியோடு உருளுகிற பெண்களின் முகத்துக்கு நேராக லைட் அடித்து வீடியோ எடுக்காதீர்கள்.

ஊர் மக்கள் இங்கே எதற்காக வேண்டிக்கொள்கிறார்கள்?

பிள்ளை வரத்துக்கு நிறையப் பேர் வருகிறார்கள், சாமியே குழந்தை என்பதால் அது இயல்புதான். பிறந்த பிள்ளைக்கு முதல் மொட்டையை இங்கே போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. பால்குடம், காவடி எல்லாம் மற்ற முருகன் கோயில்களைப் போலத்தான். கிருத்திகை, சஷ்டியில் கூட்டம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

ஆனால் இங்கே முக்கியமான வேண்டுதல் வெள்ளாமை. பூம்பாறை பூண்டு விளையும் ஊர். காரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாம் போட்டாலும் பூண்டுதான் வீட்டைத் தூக்கி நிறுத்தும், அல்லது கவிழ்த்துவிடும். விதைப் பூண்டுக்கே கையில் இருக்கும் காசெல்லாம் போய்விடும். பிடுங்குகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அழுகும். நன்றாக விளைந்தாலும் வடுகபட்டிச் சந்தையில் அன்றைக்கு என்ன விலையோ அதுதான். மண்ணும் மழையும் விலையும் எதுவும் கையில் இல்லாதபோது மனுஷனுக்கு ஒரு சாமி வேண்டியிருக்கிறது, அந்தச் சாமியை இந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் போல 'வேலப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நவபாஷாணத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தரிசனம் முடிந்ததும் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். தோட்டத்துக்குப் போகிற வழியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெளியில் நின்றே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்ப்பீர்கள்.

எப்படிப் போவது? இ-பாஸ் வேண்டுமா?

கொடைக்கானலில் இருந்து மேல்மலைக் கிராமங்களுக்குப் போகும் பேருந்துகள் பூம்பாறை வழியாகப் போகும், ஆனால் அடிக்கடி கிடையாது. திரும்பி வருகிற வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கார், வேன் என்றால் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. வீட்டில் இருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவாருங்கள்.

காலையில் போவது நல்லது. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது, சாயங்காலம் சாலையில் காட்டுமாடு நிற்கும். அவற்றுக்கு ஹாரன் அடிக்காமல் தள்ளி நிறுத்திக் காத்திருங்கள், தானாகப் போய்விடும்.

வண்டியைக் கோயில் வாசல் வரை கொண்டுபோகலாமா?

வீதிகள் குறுகல். மேலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். பெரிய வேன் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால் பூண்டு மூட்டை ஏற்றிய வண்டியும் நிற்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நிற்பார்கள். வயதானவர்களைக் கையைப் பிடித்து மெதுவாக அழைத்து வரலாம். திரும்ப ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று நின்று வாருங்கள்.

உள்ளே போட்டோ எடுக்கலாமா? உடை?

மூலவரை எடுக்கக் கூடாது. உடையைப் பொறுத்தவரை வேட்டி, சேலை என்று கட்டாயம் இல்லை, கோயிலுக்குப் போகிற உடையில் போனால் சரி. ஊருக்குள் வீடுகளை, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளை எடுக்க வேண்டும் என்றால், 'பாட்டி, ஒரு படம் எடுத்துக்கவா' என்று கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், சில சமயம் உள்ளே கூப்பிட்டு டீயும் கொடுப்பார்கள்.

அதே நாளில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலையும் பார்க்கலாமா?

தாராளமாக. அது கொடைக்கானல் ஊரிலேயே, ஏரியில் இருந்து கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதுவும் பழனியின் உபகோயில்தான். ஆனால் வரலாறு வேறு. வெளிநாட்டில் பிறந்து, இந்து சமயத்தைத் தழுவி, இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனைத் திருமணம் செய்துகொண்ட லீலாவதி அம்மையார் 1936-இல் கட்டிய கோயில் அது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் அங்கிருந்து கீழே பழனி மலை தெரியும். குறிஞ்சிப் பூ பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. 2006, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

காலையில் முதலில் பூம்பாறை, மதியத்துக்கு மேல் குறிஞ்சி ஆண்டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாமிக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

தேங்காய், பழம், பூ, கற்பூரம் போதும். அர்ச்சனைத் தட்டில் மலைவாழைப்பழம் வைத்தால் எனக்குத் தனி சந்தோஷம். சின்னதாக, தோல் கொஞ்சம் தடித்து, மணமாக இருக்கும் அந்தப் பழம் இந்தப் பழனி மலையின் சொந்தப் பழம். விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் 2008-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பழனிப் பஞ்சாமிர்தத்தின் ருசிக்குக் காரணமே இந்தப் பழம்தான், மற்ற வாழைப்பழத்தைப் போல நீர் விடாது என்பதால் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் இருக்கும். முடிக்கொத்து நோய் வந்து மலையில் தோட்டம் தோட்டமாக அழிந்து, இப்போது முன்புபோல எங்கும் கிடைப்பதில்லை. வத்தலக்குண்டில் இருந்து ஏறுகிறவர்கள் வழியில் கடைகளில் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரில் பூண்டு வாங்கலாமா? நல்ல பூண்டை எப்படிப் பார்த்து வாங்குவது?

கட்டாயம் வாங்குங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதே வருஷம்தான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. சாலையோரக் கடையில் 'மலைப்பூண்டு' என்று எழுதிவைத்து வேறு பூண்டு விற்பதும் நடக்கிறது, அதனால் ஊருக்குள் விளைவித்த வீட்டிலேயே கேட்டு வாங்குவது நல்லது. தாளோடு சேர்த்துக் கட்டி, புகை படும் இடத்தில் தொங்கவிட்டுக் காயவைத்திருப்பார்கள். தோலில் லேசாகப் பழுப்பு ஏறியிருக்கும், புகை வாசமும் காரமும் சேர்ந்து வரும். கையில் எடுத்தால் கனமாக, பல் இறுக்கமாக இருக்க வேண்டும், அழுத்தினால் உள்வாங்கக் கூடாது. அவர்கள் சொல்கிற விலையில் ரொம்பப் பேரம் பேசாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளாஸ்டிக் பையில் இருந்து எடுத்து, காற்றுப் படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டுவிடுங்கள், மாசக்கணக்கில் இருக்கும்.